வெளியே திறக்கும் கதவு

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரரை அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். சந்தோஷமெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் வீட்டுக் கக்கூஸ் இருந்த இருப்பு அப்படி.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் மருந்து கலப்பவர். நான் அங்கேயே பாக்கெட் போடும் ஷெட்டில் இருந்தேன். சீசன் நேரத்தில் ஒருநாள் காலையில் அவருடைய ரூம் வெடித்தது. கதவோரமாக நின்றிருந்ததால் அவர் வெளியே வந்து விழுந்தார். அவரோடு சேர்ந்து கலந்துகொண்டிருந்தவர் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலும் வெந்துபோய், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

“குத்த வைக்கவே கூடாதும்மா. முழுசா மடக்கினா ஒட்டுன தோலு பிரிஞ்சிரும். நல்லா சாப்பிடச் சொல்லுங்க, அப்பத்தான் புண்ணு ஆறும்” என்றார் நர்ஸ்.

சாப்பிடத்தான் அவர் மறுத்தார். கட்டிலிலேயே பாத்திரம் வைத்து, அதை நான் எடுத்துப்போய்க் கொட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டு அப்படியே வைத்துவிடுவார். தண்ணீர்கூட நாக்கு நனைகிற அளவுதான். நான் கெஞ்சியும் திட்டியும் பார்த்துவிட்டேன். கடைசியில் ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு காரணத்தைச் சொன்னார்.

“உள்ள போனாத்தான வெளிய வரும்?”

நெருப்பு விட்டுவைத்த மனிதரை வெட்கம் கொண்டுபோய்விடும் போலிருந்தது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவர் தானாக நடந்துபோய்த் தானாக உட்கார்ந்து எழுந்து வர வேண்டும். அது நடக்கவில்லையென்றால் அவர் தேறமாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

எங்களுடையது முற்றத்து மூலையில் கட்டிய சின்னக் கக்கூஸ். தரையோடு பதித்த பேஸின், பாசி பிடித்த தரை, அழுது வடியும் ஒரு பல்பு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வசதியில்லை. இருப்பதையே சரிசெய்யலாம் என்று திருத்தங்கலில் ஒரு கடைக்குப் போனேன். நடுவில் ஓட்டை வைத்த உட்காரும் நாற்காலியைப் பேஸினுக்கு மேலே நிறுத்தினால் போதும் என்று கடைக்காரர் காட்டினார். சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, குழாயில் மாட்டும் கை ஷவர், வெள்ளை சிமெண்ட், பல்பு எல்லாம் எடுத்து வைத்தேன்.

“யாரும்மா மாட்டுவா?”

“நாந்தான்.”

“பட்டாசுல கைவச்ச ஆளுக, இதுலயும் வச்சுப் பாருங்க” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பயந்து பயந்துதான் வேலை செய்தேன். பெயர்ந்த டைல்ஸைக் கொத்தி எடுக்க உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன், அடிக்க வரவில்லை. கம்பெனியில் மருந்து இருக்கும் பக்கம் இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது. இரும்பில் இரும்பு பட்டால் பொறி. கக்கூஸில் என்ன மருந்து இருக்கிறது என்று என்னை நானே திட்டிக்கொண்டாலும், தரை முழுக்கத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் முதல் அடியை அடித்தேன். கறை போக ஆசிட் ஊற்றியபோது எழுந்த புகையைக் கண்டு முற்றத்துக்கு ஓடிவந்து நின்றேன். பக்கத்து வீட்டில் வாங்கிய டிரில்லிங் மெஷின் சுவரில் இறங்கிய சத்தத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் கம்பி நின்றது. என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

பிறகு வேறு பயங்கள் வந்தன. ஈரத்தில் வழுக்கினால் என்ன செய்வது? கனமான கறுப்பு ரப்பர் ஷீட்டை அளந்து வெட்டித் தரையில் விரித்தேன். உள்ளே விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால்? உள்பக்கம் திறந்த தகரக் கதவைக் கழற்றி, கீலை மாற்றி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினேன். தாழ்ப்பாளையும் பிடுங்கிப் போட்டேன். தகரத்தின் துரு காலில் கீறிவிட்டால்? தேய்த்துவிட்டு சில்வர் பெயிண்ட் அடித்தேன். எல்லாம் முடிந்ததும் அந்த மூலை பளிச்சென்று இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் வந்தார். வாக்கரைப் பிடித்து மெல்ல முற்றத்தைக் கடந்து, கக்கூஸ் வாசலில் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

“எதுவும் வேணுமா?” என்றேன்.

அவருடைய வலது கை மட்டும் வாக்கரை விட்டுவிட்டு, நிலையோரச் சுவரில் எதையோ தடவித் தேடியது.

அந்தத் தேடலை எனக்குத் தெரியும். மருந்து ரூமுக்குள் கால் வைக்கும் முன் உடம்பிலிருக்கும் கரண்ட் இறங்குவதற்காக, வாசலில் அடித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். வருஷக்கணக்கில் ஊறிய பழக்கம். அப்போதுதான் நான் கட்டியதை அவர் கண்ணால் பார்த்தேன். சின்ன அறை. தரையில் கறுப்பு ரப்பர். தப்பி ஓடத் தோதாக வெளியே திறக்கும், தாழ்ப்பாளில்லாத கதவு. மருந்து கலப்பவர் மேலெல்லாம் படிந்திருக்கும் அலுமினியப் பவுடரின் அதே சில்வர். பத்திரம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனியில் கற்றதுதான். அதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, அவர் வெந்த ரூமையே வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தேன்.

அவர் உதடு வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. “கட்டிலுக்கே போயிரலாம்” என்றார். இப்போது திரும்பினால் இனி இந்தப் பக்கமே வரமாட்டார், சாப்பிடவும் மாட்டார். என் பயம் என்னை யோசிக்க விடவில்லை. சாமி விளக்கடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

“இங்கன ஒண்ணுமில்ல. நல்லா பாத்துக்கோங்க” என்று குச்சியை உரசினேன்.

உரசிய பிறகுதான் அந்த மருந்து வாடை என் மூக்கில் ஏறியது. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வெளியே வாக்கர் சாய்ந்து விழும் சத்தம் கேட்டது.

“ஏ புள்ள, வெளிய வா!”

மடங்காத கால்களை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, என் கையைத் தட்டிவிட்டு, தோளைப் பிடித்து இழுத்தார். குச்சி ஈரத்தில் விழுந்து அணைந்தது. கம்பியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்தபடி அவர் அந்தக் கறுப்பு ரப்பரின்மேல் நின்றிருந்தார்.

“அன்னைக்கு எங்கூடக் கலந்தவனக் கூட்டியார நான் உள்ள வரல” என்றார்.

அவர் கையைக் கம்பியில் சரியாக வைத்து, நாற்காலியில் உட்காரவைத்தேன்.

“கதவச் சாத்தாத.”

“சாத்தல.”

வாசலில் முதுகைக் காட்டி நின்றேன். என் விரலெல்லாம் இன்னும் தீக்குச்சி வாடைதான். அவரை விட்டு நகர்ந்து, சாய்ந்து கிடந்த வாக்கரை எடுத்து நிறுத்தக்கூடத் தைரியமில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

“மத்தியானத்துக்கு என்ன கொளம்பு?”

“முட்டைக் கொளம்பு” என்றேன், திரும்பாமலே.