இருபத்திரண்டு பிள்ளைகளும் பேரருவியும்

போன மாதம் என்னைச் சென்னையில் ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். என் தம்பி மகளுக்கு இரண்டு பிள்ளைகள். லீவு விட்டால் அவர்களை எங்கேயாவது கொண்டுபோய் ஆடவிட வேண்டும். இந்த வயதில் நான் எதற்கு என்று கேட்டேன். "நிழல்ல உக்காந்து பைகளப் பாத்துக்கங்க அத்தை, போதும்" என்றாள். அப்படியே பைகளுக்குக் காவலாக உட்கார்ந்தேன். எதிரே சிமெண்டில் செய்த ஒரு மலை. பொத்தானை அமுக்கினால் அதன் உச்சியிலிருந்து அருவி விழுகிறது. இன்னொரு பொத்தானுக்கு நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டி, அதில் பெற்றோரின் போன் நம்பரை எழுதியிருந்தார்கள். பயப்பட ஒன்றுமே இல்லாத இடம்.

ஆனாலும் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்று, இரண்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒன்று, இரண்டு. தம்பி மகள் பார்த்துவிட்டாள். "ரெண்டே ரெண்டு பிள்ளைங்க அத்தை. எத்தனை தடவைதான் எண்ணுவீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ ஈரத் துண்டைப் பிழியாமல் போட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மறுபடியும் ஒன்று, இரண்டு. அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் அந்த வாடை வந்தால் என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கீழப்பாவூரிலிருந்து வந்து தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்து ஆறு வாரம்கூட முடியவில்லை. பிள்ளைகள் என்னைவிட ஒரு முழம்தான் குட்டை. அதனால் குரலை உயர்த்திப் பேசியே என்னைப் பெரியவளாகக் காட்டிக்கொள்வேன். பிரம்பு எடுக்க மனசு வராது. ஆகவே முறைப்பேன். கண்ணாடி முன்னால் நின்று முறைத்துப் பழகினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பழகினேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும், ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒருநாள் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவார்கள். மூன்று மைல்தானே, இதில் என்ன பெரிய அதிசயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்த மூன்று மைலைத் தாண்டாத பிள்ளைகள் பாதிப் பேர். வீட்டில் ஆண்கள் போவார்கள், குளித்து வருவார்கள், எண்ணெய் வாசனையோடு வந்து கதை சொல்வார்கள். பெண்பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மிருகக் காட்சிசாலை, கடற்கரை, பொருட்காட்சி என்று ஏதேதோ உண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு வருஷத்தில் அந்த ஒருநாள். அருவியில் குளியல், குளித்ததும் குடை ராட்டினம், அப்புறம் பயாஸ்கோப்புப் பெட்டிக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பது, சவ்வு மிட்டாயில் கைக்கடிகாரம் கட்டிக்கொள்வது. அதற்கு மேல் அவர்களும் ஆசைப்பட்டதில்லை.

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை. குரலே உயர்த்த மாட்டார்கள், நமக்குத்தான் கை வியர்க்கும். "நீயும் இசக்கியம்மாளும் போயிட்டு வாங்க. இருபத்திரண்டு பிள்ளை. இருபத்திரண்டும் திரும்பி வரணும், தெரிஞ்சுதா?" என்றார்கள். இசக்கியம்மாள் பள்ளிக்கூடத்து ஆயா. நல்ல பலசாலி. என்னை "சின்ன டீச்சர்" என்று கூப்பிடும்போது ஒரு சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்வாள்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு இருமிக்கொண்டே போகும். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் மூன்று மாட்டுவண்டி பேசியிருந்தோம். மேலகரம் தாண்டுவதற்குள் நான் நாலு தடவை இறங்கி, மூன்று வண்டியையும் எண்ணிவிட்டு ஏறினேன். எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதி இடுப்பில் செருகியிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் எனக்குச் சரியாகப் பழக்கமில்லை. அந்தத் தாள்தான் என் தைரியம்.

அருவியில் பிள்ளைகளை இறக்கிய கொஞ்ச நேரத்தில் தாள் நனைந்து மை கரைந்து, இருபத்திரண்டு பேரும் ஒரே நீலக் கறையாகிவிட்டார்கள்.

பெண்கள் பக்கம் அன்று நல்ல கூட்டம். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். எனக்கு அருவியின் இரைச்சலே பிள்ளைகளின் அலறல் மாதிரி கேட்டது. தண்ணீர் கொஞ்சம் கூடுவது போலத் தோன்றியதும் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டேன். துணி மாற்றி, தலை துவட்டி, இரண்டிரண்டு பேராகக் கை கோர்த்து நிற்கவைத்தேன். காலையில் யார் யாரோடு ஜோடி சேர்ந்தார்களோ, கடைசிவரை அதே ஜோடி. "இப்போ ராட்டினத்துக்குப் போறோம். வாயைத் திறக்காம வரணும். ஒரு சத்தம் கேட்டுது, திருப்பி வண்டியில ஏத்திருவேன்" என்று என் கண்ணாடி முறைப்பையும் சேர்த்துச் சொன்னேன். அப்புறம் எண்ணினேன். பதினோரு ஜோடி. இசக்கியம்மாளும் எண்ணினாள். "எல்லாம் இருக்கு சின்ன டீச்சர், வாங்க" என்றாள்.

வரிசை அத்தனை அடக்கமாக வந்தது. கடைக்காரர்கள்கூடப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, சொன்னால் என்ன.

ராட்டினத்தில் மரக்குதிரைகள். குதிரைக்கு ஒரு ஜோடி. ஏழாவது ஜோடியை ஏற்றப் போனபோது, செல்வி என்ற பெண் பக்கத்தில் நின்ற பிள்ளையின் கையை உதறிவிட்டு நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"என்னட்டி?"

"டீச்சர், இவ என் ஜோடி இல்ல."

"சண்டை போடாம ஏறு."

"என் ஜோடி கோமதில்லா! இவ யாருன்னே எனக்குத் தெரியாது."

குனிந்து பார்த்தேன். ஆறு வயதிருக்கும். ஈரத்தலை, மஞ்சள் பாவாடை. என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"கோமதி எங்கட்டி?"

"ரிப்பன் கீழ விழுந்துட்டுன்னு எடுக்கப் போனா. உடனே இவ வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"வாயைத் திறக்காம வரணும்னு நீங்கதான சொன்னிய?"

 

புதுப் பிள்ளையிடம் பெயர் கேட்டேன். தங்கம் என்றது. நீ ஏன் வந்தாய் என்றதற்கு, "ராட்டினத்துக்குப் போறோம்னியளே, அதான் வந்தேன்" என்றது. இசக்கியம்மாளின் சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. "நீங்க ஓடுங்கம்மா. ஒரு பிள்ளைய நான் அசைய விடமாட்டேன்" என்றாள். அவள் என்னைச் சின்ன டீச்சர் என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.

தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாலடி போனதும் திரும்பி வந்தேன். கோமதியின் முகம் எனக்கு ஞாபகமே வரவில்லை! என் பொறுப்பில் விட்ட பிள்ளை, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. செல்வியிடம்தான் கேட்டேன். "பச்சைப் பாவாடை. முன்பல்லு கெடையாது" என்றாள். முன்பல் இல்லாத பிள்ளை என்று வழியெல்லாம் விசாரித்தேன். ஆறு வயதுப் பிள்ளைகளில் முன்பல் உள்ளது எத்தனை? ஒரு பழக்கடைக்காரர் தன் மகளையே கூட்டிவந்து காட்டினார்.

அருவிக்கரைக்கு வந்தால் பெண்கள் பக்கம் காலியாக இருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. "மலையில மழை. எல்லாரையும் ஏறச் சொல்லியாச்சு" என்றார் அங்கே நின்ற ஒருவர். யாரையாவது தண்ணீர் இழுத்ததா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம். கீழே ஆறு பாயும் பக்கமாக இறங்கினேன். பாறையிடுக்கில் பச்சையாக ஏதோ சுழன்றுகொண்டிருந்தது. பாவாடைத் துணி போலவே இருந்தது.  ஒருத்தர் கம்பை நீட்டி இழுத்துப் போட்டார். வாழை இலை. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "ராட்டினத்துக்குப் போகலையா டீச்சர்?" என்று தங்கம் கேட்டது. அதைத் திட்டவும் தெம்பில்லை.

அப்போதுதான் புத்தி வந்தது. இந்தப் பிள்ளையையும் யாரோ இப்படித்தானே தேடிக்கொண்டிருப்பார்கள்? "உங்க அம்மை கடைசியா எங்கன இருந்தா?" என்று கேட்டேன். அது யோசிக்காமல், பெண்கள் துணி மாற்றும் கொட்டகையைக் கைகாட்டியது.

கொட்டகைக்குப் பின்பக்கம், ஈரக் கல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கலாம். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு பச்சைப் பாவாடையை நிறுத்தி, அதன் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பச்சைப் பாவாடை அதிரசம் தின்றுகொண்டிருந்தது. முன்பல் இல்லாமல் தின்பதால் பாதி கீழே உதிர்ந்தது.

"கோமதி!"

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, தங்கத்தைத்தான் பார்த்தாள். எழுந்து வந்தாள். ஆனால் கோமதியின் கையை விடவில்லை. நானும் தங்கத்தின் கையை விடவில்லை. கோமதி என் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் நான் விட்டேன், அவளும் விட்டாள். உடனே தங்கத்தின் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். வைத்த கையோடு அதைத் தூக்கி நெஞ்சில் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். கோமதி மிச்ச அதிரசத்தை முடித்தாள்.

கொஞ்சம் ஆறியதும் கேட்டேன். "உங்க பிள்ளையக் காணும்னதும் தேடி ஓடலையா?"

"ஓடத்தான் பாத்தேன். இது நடுவுல நின்னு அழுதுக்கிட்டு நிக்கி. இதை விட்டுட்டு எங்கன போக? இழுத்துக்கிட்டு ஓடுனா, இதைத் தேடி வாரவுக இங்க வந்து பாத்து ஏமாந்து போவாவ." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நான் இவ கையப் புடிச்சுக்கிட்டு இருந்தா, என் மவ கையயும் யாராச்சும் புடிச்சுக்கிட்டு இருப்பாவன்னு ஒரு நெனப்பு. வேற என்ன செய்ய?"

அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க டீச்சரா? சின்னப் பிள்ளையாட்டம்லா இருக்கிய. செத்த ஒக்காருங்க."

வாசுதேவநல்லூரிலிருந்து வந்ததாகச் சொன்னாள். ராட்டினம் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தாள். இசக்கியம்மாள் ஏறியிருந்த பிள்ளைகளையும் குதிரையிலிருந்து இறக்கியிருந்தாள். இருபத்தொரு பேரையும் தரையில் உட்காரவைத்து நடுவில் நின்றிருந்தாள். இனிமேல் என்ன விளையாட்டு, நேரே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அத்தனை முகமும் என்னையே பார்த்தன. சரி, ஏறுங்கள் என்றேன். செல்வியின் குதிரையில் கோமதியும் தங்கமுமாக மூன்று பேர். அவர்கள் போட்ட கூச்சலை நான் அடக்கவில்லை.

திரும்பி வரும்போது இசக்கியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "இதை வெளிய சொல்ல வேண்டாம். பிள்ளையெல்லாம் வந்தாச்சுல்லா." அன்று சாயங்காலமே பெரிய டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். கோமதி வீட்டில் அதிரசக் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டாள் என்ற பயம்தான். பெரிய டீச்சர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "நீயா வந்து சொன்னதுனால உன்ன ஒண்ணும் செய்யல. ஆனா இனி நம்ம பிள்ளைகளுக்கு அருவியும் வேண்டாம், ராட்டினமும் வேண்டாம்" என்றார்கள். வேலை போகவில்லை. அந்த ஒன்றுதான் என் காதில் விழுந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கோமதியின் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து எழுந்து நின்றேன். "அந்த அம்மா பேரு என்ன டீச்சர்? கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணணும்" என்றாள். நான் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அதன்பிறகு குற்றாலத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தக் கொட்டகை இல்லை. ராட்டினம் நின்ற இடத்தில் வரிசையாகக் கடைகள். அருவிக்கு இரும்புக் கம்பி போட்டாயிற்று. போலீஸ் விசில் ஊதுகிறார்கள். நல்லதுதான், எனக்கு அதில் குறையில்லை. அந்தக் காலம் போயிற்றே என்று அழுகிற ஆளும் நானில்லை. மறுவருஷம் நடந்த ஒன்றைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுவருஷமும் ஆனி மாதத்தில் சாரல் விழுந்தது. ஒன்றாம் வகுப்பு அப்போது என்னிடம். செல்வியின் தங்கை பாப்பாத்தி அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் காலையில் சிலேட்டோடு ஒரு சின்னத் துணி மூட்டையும் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு பாவாடை, ஒரு துண்டு, தலைக்குத் தேய்க்கக் கொஞ்சம் அரப்புத்தூள்.

"இன்னைக்கா டீச்சர்?" என்றாள்.

இல்லை என்றேன்.

அடுத்த நாளும் மூட்டை வந்தது. "இன்னைக்கா டீச்சர்?" இனிமேல் கிடையாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பாளே என்று, "இன்னைக்கு இல்ல" என்று மட்டும் சொன்னேன். அதனால் அதற்கடுத்த நாளும் கொண்டுவந்தாள். ஜன்னல் வழியே மலைமேல் மேகம் இறங்குவது தெரியும். அவள் அதையும் பார்ப்பாள், என்னையும் பார்ப்பாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வாரம் அந்த மூட்டை வந்தது. அப்புறம் வரவில்லை.