பத்துப் பெண்களுக்குத் தைத்த ஜீன்ஸ்

வேலைக்கு உடுத்தும் உடையைத் தைத்து விற்பவர் கடையில் கண்ணாடிக்கு அதிக வேலை இல்லை. வாங்குபவர் அதன்முன் நின்று அழகு பார்ப்பதில்லை, தரையில் ஒருமுறை குந்தி எழுந்துவிட்டுத் தம் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். ஆம்பூர்க் கடைத்தெருவில் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தத் தீர்ப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குமுன் பள்ளியில் தமிழ் நடத்தியதால் பலருக்கும் நான் இன்னும் டீச்சர்தான். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாழும் உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. சரியாகத் தைத்துவிட்டோம் என்று நாம் நிமிரும் வேளையில்தான், கொடுத்த பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைப்படி ஏறுவார்.

சென்ற புரட்டாசியில் வந்த ஒரே ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு தோல் தொழிற்சாலையில், பதனிட்ட தோலுக்கு மெருகு பூசும் உருளை இயந்திரங்களில் பத்துப் பெண்கள் வேலை செய்தார்கள். ஒருநாள் ஒரு பெண்ணின் துப்பட்டாவை உருளை உள்ளே இழுத்தது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற மரகதம் பாய்ந்து பொத்தானை அழுத்தியதால் அந்தப் பெண்ணின் கழுத்து தப்பியது. அந்த வாரமே நிர்வாகம் உத்தரவிட்டது: இயந்திரத்தில் நிற்கும் பெண்கள் இனி ஜீன்ஸும் தொங்கல் இல்லாத சட்டையும் அணிய வேண்டும், உடை கைக்கு வந்த நாள்முதல் ஒரு மாதம் சோதனை, அணிந்து வேலை செய்ய முடியாதவர் பொட்டலம் கட்டும் மேசைக்குப் போய்விட வேண்டும். மரகதத்துக்கு நாற்பத்திரண்டு வயது. நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆலைப் பேருந்தில் வருபவர். பொட்டலம் கட்டும் மேசையிலிருந்து இயந்திரத்துக்கு வர அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அந்த மேசைக்கே திரும்பிப் போவதா, 'ஆப்பரேட்டர்' என்ற பெயரோடு இயந்திரத்திலேயே நிற்பதா என்பது இப்போது ஓர் உடையைப் பொறுத்திருந்தது. அந்த உடையைத் தைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆடாமல் அசையாமல்

ஆலையின் உணவுக்கூடத்தில் பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தினேன். இடுப்பு, தொடை, முழங்கால், உயரம் என்று ஒன்றுவிடாமல் குறித்தேன். யாரும் அசையக் கூடாது என்றேன். வகுப்பறையில் பழகிய குரல், ஒருவரும் அசையவில்லை. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று கனத்த துணியாகத் தேர்ந்தெடுத்து, இரட்டைத் தையல் போட்டு, பைகளின் மூலைகளில் ரிவெட்டு என்னும் செப்புக் குமிழ் ஆணி அடித்து, எட்டாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அணிந்து நின்றபோது ஒருவருக்கும் ஒரு விரற்கடை குறையவுமில்லை, மிகவுமில்லை. மனநிறைவோடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் வரச்சொல்லி ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். தோலை மேசைமேல் விரித்து உருளைக்குள் செலுத்துபவர் உடம்பு முழுவதையும் முன்னால் நீட்டிக் குனிகிறார். அடியில் விழும் தோலை எடுக்க நிமிடத்துக்கொரு முறை குந்துகிறார். குனியும்போதெல்லாம் இடுப்புப் பட்டி பின்னால் கீழே இறங்கியது. ஒரு கையால் பட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் மட்டும் அந்த உருளையின் முன் தோலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆபத்தை விலக்க உடை மாற்றினார்களோ, அதை என் உடையே திரும்ப அழைத்து வந்திருந்தது. நால்வர் கூச்சம் தாங்காமல் அன்றைக்கே பொட்டலம் கட்டும் மேசைக்குப் போய்விட்டார்கள். மீதி ஆறு பேருக்கும் பின்பட்டியில் எலாஸ்டிக் வைத்துத் தருவதாகச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து மரகதம் கேட்டார்: "நின்னா நல்லாத்தான் கீது டீச்சர். எங்கள இன்னா, நிக்க வச்சிப் பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

இடுப்புயரக் கீறல்

எலாஸ்டிக் வைத்துக் கொடுத்த நான்காம் நாள், மெருகுப் பிரிவின் பொறுப்பாளர் இம்தியாஸ் பாய் ஒரு கறுப்புத் தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். மேசைமேல் விரித்தார். பளபளப்பின் குறுக்கே மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. இப்படிப் பல தோல்கள் வீணாகியிருந்தன. வளையல்தான் காரணம் என்று நினைத்து எல்லாருடைய வளையல்களையும் கழற்றச் சொன்னாராம்; கீறல் நிற்கவில்லை. இப்படியே போனால் மாதம் முடியும்வரை காத்திராமல் பெண்களை இயந்திரத்திலிருந்து எடுத்துவிடும்படி மேலிடம் சொல்லிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மரகதம். மேசையில் சாய்ந்து தோலை நீட்டும்போது இடுப்பு எங்கே படுகிறதோ அங்கேதான் கீறல் தொடங்குகிறது என்று காட்டி, தம் பையோரத்துச் செப்பு ரிவெட்டை அந்த இடத்தில் வைத்துப் பொருத்தியும் காட்டியிருக்கிறார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. சொன்னதால் கெட்ட தோல்களில் எத்தனை அவருடையவை என்பதும் வெளியாகிவிட்டது. உறுதிக்கு அடையாளம் என்று நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடித்த ரிவெட்டுகள் அவை. தோலையே பிழைப்பாகக் கொண்ட ஊரில் இருந்துகொண்டு, தோலின்மேல் உலோகம் பட்டால் என்னாகும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அந்த இடங்களில் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டுத் தருகிறேன் என்றேன். இம்தியாஸ் பாய் தோலை மறுபடியும் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க பேன்ட்டு ஸ்ட்ராங்கு ஜாஸ்தி டீச்சர். எங்க தோலுக்குத்தான் அதுகூட மோதற அளவுக்குத் தெம்பு கம்மி."

தையல் மட்டும் மிஞ்சியது

அந்த வாரத்தில்தான் மரகதத்தின் கணவர் செல்வம் வந்தார். அவர் தோல் பதனிடும் வேறொரு டேனரியில், தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். ஆறு மாதங்களுக்குமுன் என்னிடம் வாங்கிய ஜீன்ஸை மேசைமேல் போட்டார். முழங்காலுக்குக் கீழே துணியை விரலால் தொட்டேன்; நனைந்த காகிதம் போல விரலோடு வந்துவிட்டது. ஆனால் தையல் ஓர் இழைகூட அறவில்லை. துணி போன இடத்தில் நூல் மட்டும் கோடு கோடாகத் தொங்கியது. ஓராண்டுக்குத் தையல் விடாது என்று விற்கும்போது நான் சொல்லியிருந்தேன். சொன்ன சொல் அப்படியே பலித்திருந்தது.

அமிலம் தெறித்த பருத்தித்துணி காயக் காய அரிபட்டுப்போகும், பாலியெஸ்டர் நூலை அது அவ்வளவாகத் தொடாது என்று விளக்கினேன். வேலை முடிந்ததும் பேன்டை நிறைய நீரில் அலசுகிறாரா என்று கேட்டேன். கொடியில் போட்டுக் காயவைத்து மறுநாளும் அதையே அணிவதாகச் சொன்னார். முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டியது அது. பாலியெஸ்டர் கலந்த துணியில் வேறொன்று தைத்துத் தர ஒப்புக்கொண்டு அளவெடுக்கும்போது, மரகதம் ஜீன்ஸ் அணிவதில் வீட்டில் ஏதேனும் வருத்தமுண்டா என்று மெல்லக் கேட்டுவிட்டேன். அவர் கால்களை விறைப்பாக வைத்து நின்றபடியே சொன்னார்: "அவ பேன்ட்டப் பத்தி ஊரே பேசிக்கினுதான் கீது டீச்சர். நீங்களாச்சும் என் பேன்ட்டப் பத்திப் பேசுங்க."

தாழ்ப்பாள் இல்லாத அறை

ஊர் பேசியது உண்மை. அதனால் மரகதம் வீட்டிலிருந்து சேலையில் வந்து, ஆலையில் உடை மாற்றிக்கொண்டார். பெண்கள் உடை மாற்றத் தனியறை இல்லை; இரசாயனப் பீப்பாய்கள் அடுக்கிய ஒரு கிடங்கைக் காட்டியிருந்தார்கள். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருவர் மாற்றும்போது இன்னொருவர் வெளியே கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். வரிசை முடிவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு முறை மரகதத்தின் பெயருக்கு நேரே தாமதம் என்று எழுதிவிட்டார்கள். மூன்றாம் முறையும் எழுதினால் சோதனை மாதத்தில் அது ஒரு குறையாகவே நிற்கும்.

உடைகளை மறுபடியும் சரிபார்க்க ஒரு காலையில் போயிருந்தபோது, கதவைப் பிடித்தபடி மரகதம் உள்ளே இருந்தவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்: "சட்டுனு மாட்டிக்கினு வாடி. மணி அடிச்சா பேஜாராப் போய்டும்." அதே இயந்திர வரிசையில் வேலை செய்யும் ஷாகிரா அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி வந்தார். வரிசையில் நிற்கவில்லை. புர்காவைக் கழற்றி மடித்தார், உள்ளே ஜீன்ஸ். மரகதம் அவரை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு இன்னாடி, கொடுத்து வச்சவ" என்றார். ஷாகிரா மடித்த புர்காவைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தினி நாளா ஒரே வூட்ல கீறோம், எங்க மாமியாருக்கே தெரியாதுக்கா. நீங்கதான் கத்தி ஊரக் கூட்டுறீங்க."

இயந்திரத்தின் முன்

ஒட்டுப்போட்டுத் திருத்துவது போதாது என்று எனக்கு விளங்கியது. இம்தியாஸ் பாயிடம் அனுமதி வாங்கி, இயந்திரம் நின்றிருந்த உணவு இடைவேளையில் ஆறு பேரையும் அவரவர் இடத்தில் நிற்க வைத்தேன். குனியச் சொன்னேன், கையை நீட்டச் சொன்னேன், காலை மிதியில் வைக்கச் சொன்னேன், குந்தச் சொன்னேன். ஒவ்வொரு நிலையிலும் அளந்தேன். முன்பட்டியிலிருந்து கவட்டு வழியாகப் பின்பட்டி வரையிலான நீளம், நிற்கும்போது இருப்பதைவிடக் குந்தும்போது நான்கு விரற்கடை கூடுதலாக வேண்டியிருந்தது. அந்த நான்கு விரற்கடைக்காகவே நால்வர் மேசைக்குப் போயிருந்தார்கள்.

புதிதாகவே வெட்டினேன். பின்பக்கத்தை உயர்த்தி, கவட்டில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்து, தகரக் கூரையின்கீழ் வேகும் இடம் என்பதால் மெல்லிய துணியாகத் தேர்ந்தெடுத்து, பொத்தான்களைத் துணிமடிப்புக்குள் மறைத்தேன். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, பழையவற்றை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிழையான உடை ஒன்றுகூட என் கடையின் பெயரில் வெளியே இருக்கக் கூடாது என்பது என் ஒழுங்கு. மரகதம் புதியதை அணிந்து வந்து, யாரும் சொல்லாமலே குந்தி எழுந்தார். மறுபடியும் குந்தினார். மேசைமேல் முழுதாகச் சாய்ந்து இரு கைகளையும் நீட்டினார். பட்டி நின்ற இடத்திலேயே நின்றது. நிமிர்ந்து பட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இதான் டீச்சர் பேன்ட்டு. மொதல்ல குடுத்தது போட்டோ புடிக்கறதுக்கு."

கடைசி நாள்

சோதனை மாதம் ஐப்பசியில் முடிந்தது. கடைசி நாளன்று நிர்வாகத்தினர் நேரில் வந்து பார்த்துப் பெயர்களை முடிவுசெய்வதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய மாலை, பூச்சுக் கலவை மரகதத்தின் தொடையில் கொட்டிவிட்டது. அழுக்கு உடையோடு அவர்கள்முன் நிற்க விரும்பாமல், வீட்டுக்குப் போனதும் துவைத்துப் போட்டிருக்கிறார். விடியும்வரை மழை விடவில்லை. காலையில் பேன்டைப் பிழிந்தால் நீர் சொட்டியிருக்கிறது. மாற்றிக்கொள்ள வேறொன்று இல்லை. பழையதை நான் எண்ணி வாங்கிக்கொண்டுவிட்டேன். வீட்டிலிருந்து அதையே அணிந்து, மேலே கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்கப் பேருந்துக்கு வந்து நின்றிருக்கிறார். இருமுறை ஏறிய தாமதத்தை மூன்றாக்க அவர் தயாராக இல்லை. எட்டு மணிநேரம் அந்த ஈரத்தோடு குனிந்தும் குந்தியும் வேலை செய்தார். இவையெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. மாலையில் இம்தியாஸ் பாய் தொலைபேசியில் ஆறு பேரும் இயந்திரத்திலேயே நீடிக்கிறார்கள் என்றார். முதல் வாரத்தில் மேசைக்குப் போன நால்வரைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் இடத்துக்கு ஆண்களைப் போட்டாகிவிட்டது என்றார்.

மறுநாள் வேலை முடிந்து மரகதம் கடைக்கு வந்தார். சேலையில் வந்தார். காலை அகற்றி அகற்றி வைத்து நடந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஈரத்துணி உராய்ந்து உள்தொடை இரண்டும் தோலுரிந்து போயிருந்தன. நடந்ததைக் குறை சொல்லும் குரலில் அல்லாமல், பேருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையை அசைத்து அதை ஒதுக்கிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆப்பரேட்டர்னு பேரு எழுதிட்டாங்க டீச்சர், அது போதும். ஆனா தொவச்சிப் போட்டா காய வேணாமா? இன்னொண்ணு தைங்க. நாளான்னிக்கே வோணும்."

உழைப்பவர்க்கு உடை தைக்கும் நாம் உடம்பை எத்தனை நிலையில் அளந்தாலும், அந்த உடம்பு மறுநாளும் வேலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் நம் நாடாவில் அகப்படுவதில்லை.