ரோஸ்லின் மேடம் குடித்த தண்ணீர்

அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், நம்ம ரோஸ்லின் மேடம் போயிட்டாங்க சார்" என்றார் ஆபரேட்டர் பழனிச்சாமி. எச்சில் கையோடு எழுந்துவிட்டேன். எங்கள் ஊர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டவர் அவர். அங்கே விரிவாக்கப் பணி நடந்தபோது கட்டட வேலையைக் கண்காணித்த உதவிப் பொறியாளன் நான். வயிற்றுப் புற்று என்று எட்டு மாதம் முன்புதான் தெரியவந்தது.

கோயமுத்தூர் கணபதியில் அவர் வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். அந்த விரிவாக்கப் பணியை எடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். மேடத்தின் அஞ்சலியில் அவருக்கு இடம் கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அன்னைக்கு எல்லார்த்து முன்னாடியும் சாக்கடைத் தண்ணியக் குடிச்சுப்போட்டாங்கல்லங்க. வயிறு என்னத்துக்குங்க ஆகும்?" கேட்டவர் 'ச்சு' கொட்டித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேடத்தை அறிந்த உங்களில் பலருக்கு நடந்தது அரைகுறையாகத்தான் தெரியும். புதிதாகக் கட்டிய வட்டத் தொட்டியில் சேறு அடியில் தங்கி, தெளிந்த நீர் விளிம்பைச் சுற்றிலும் ஒரே சீராக வழிய வேண்டும். அந்தக் காங்கிரீட் விளிம்பு ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கமே பாய்ந்து சேற்றையும் இழுத்துக்கொண்டு போனது. மட்டம் பார்த்து எழுதிக் கொடுத்தேன். மேலாளர் சிரித்தார். "அரை இஞ்சுக்கெல்லாமா ஒடைப்பாங்க? தண்ணி தெளிவா வந்தா உங்களுக்குச் சரிதானுங்களே?"

அடுத்த வாரமே தண்ணீர் தெளிவாக வந்தது, பாட்டிலில் மட்டும். மேடம் அதைப் பரிசோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, ஊருல பாதி ஊட்டுல போர்த் தண்ணி. உள்ள வர்ற சாக்கடையில அத்தனை உப்பு இருக்குது. நம்ம தொட்டி சேத்தை எடுக்கும், உப்பை எடுக்குமுங்களா? இதுல உப்பே இல்லீங்களே!" மாதிரி எடுக்கிறேன் பேர்வழி என்று மேலாளரின் ஆட்கள் அலுவலகக் குழாயில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழாயில் வருவது சிறுவாணி ஆற்றுக் குடிநீர், நாக்கில் பட்டாலே தெரிந்துவிடும். கோயமுத்தூர்க்காரர்களை ஏமாற்றச் சிறுவாணித் தண்ணீரைத் தேர்ந்தெடுத்த புத்திசாலிகளை என்னவென்று சொல்வது!

ஒப்படைப்புக்கு முன் உயரதிகாரிகள் வந்த அன்று, மேலாளர் அதே போன்ற இன்னொரு பாட்டிலை, தொட்டியில் வழிந்த நீர் என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதையும் காலையிலேயே பரிசோதித்திருந்தார் மேடம். வாங்கினார், மூடியைத் திறந்தார், மடக் மடக்கென்று இரண்டு வாய் குடித்தார். "அய்யோ மேடம்!" என்று யாரோ கத்தினார்கள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல சிறுவாணிங்க சார். இனிப்பா இருக்குது, நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்றார். மேலாளரின் முகம் செத்துப்போனது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. மறுநாளே விளிம்பை உடைக்க உத்தரவு வந்தது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மேலாளர் கேக்கோடு வந்து, "பழசையெல்லாம் மறந்துடுங்க மேடம்" என்றார். மேடம் கேக்கை வாங்கவில்லை. "மன்னிக்கிறத ஆண்டவரு பாத்துக்குவாருங்க. நான் லேப்காரி. இருக்கறதை இருக்கற மாதிரி எழுதோணும், அவ்வளவுதானுங்க."

இப்போது மேடம் செத்ததை அந்த மனிதர் தனக்குச் சாட்சியாக்கப் பார்க்கிறார். குடித்ததால்தான் வயிறு கெட்டது என்றால், பாட்டிலில் இருந்தது சாக்கடை நீர் என்றாகிறது. அவர் யோக்கியர், மேடம் பொய்யர் என்றாகிறது. சாவு வீட்டில் சண்டை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இனிக் கடிக்க மாட்டேன். அது குழாய்த் தண்ணீர். மேடம் தன் கைப்பட எழுதிய அறிக்கை கோப்பில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

அதே மேலாளர் இப்போது வேறொரு ஊரில் அதே மாதிரித் தொட்டி கட்டுகிறார். மட்டம் பார்க்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. பழைய பகை இருக்கிறதே, வேறு ஆளைப் போடச் சொல் என்றார்கள் நண்பர்கள். சொல்லவில்லை. ஒரு நூல் தாழ்ந்திருந்தாலும் உடைக்கச் சொல்லி எழுதுவேன். ஆனால் மட்டம் சரியாக இருந்தால், சரி என்று எழுதித்தான் தொலைக்க வேண்டும். மேடம் எனக்கு விட்டுப்போனது இந்தப் பாழாய்ப்போன நேர்மையைத்தான். அதை வைத்துக்கொண்டு தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன், அந்தத் தொட்டி சரியாக அமைந்துவிடக் கூடாது என்று.