இரண்டாம் பாதி

நாலு தரம் சோப்பு போட்டாகிவிட்டது. ஐந்தாவது தரத்துக்குக் கழுத்தைத் தெருக்குழாயின் கீழே நீட்டித் துண்டால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் சிலுவைமுத்து. கழுத்து மடிப்பில் ஏறிய கரி இந்த ஜென்மத்தில் போகாது என்று அவருக்கும் தெரியும், குடத்தோடு காத்திருக்கும் பெண்களுக்கும் தெரியும். "மாதா இன்னா உன் கயுத்தையா பாக்கப்போறா? நகுருய்யா" என்று மீன்காரி ராஜாத்தி அதட்டுகிறாள். "தோ ஆச்சும்மா" என்கிறார். நகர்கிற வழியாக இல்லை.

பகலெல்லாம் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி தூக்குகிறவர் அவர். சாயங்காலச் செபத்துக்கு முன்னால்தான் இந்தக் குளியல். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, முதுகு மட்டும் இருபத்தைந்தில் நின்றுவிட்டது. ராயபுரத்தில் எங்கள் சந்தில் பதினெட்டு வீடு. பதினான்கு வேதக்காரர்களுடையது. நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் அல்ல. அச்சாபீஸில் புரூப் திருத்துகிறவன், நடக்கிற தூரம் என்று வந்து ஒண்டிக்கொண்டவன். விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு செபமாலை கிளம்பிவிடும். முதல் ஆறு மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

செபமாலையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் இரண்டு பாதி உண்டு. ஒருவர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவார், மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். நம் சிலுவைமுத்துவுக்கு இரண்டாம் பாதி மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக மனைவி சவரியம்மாள் தொடங்குவாள், இவர் முடிப்பார். வேலை முடிந்து வர நேரமாகிவிட்டால், எந்த வீட்டில் சத்தம் கேட்கிறதோ அந்த வாசலில் நின்று மாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடித்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார். கப்பலிலேயே பொழுது சாய்ந்துவிட்டால் கூட்டாளி பஷீரைப் பிடித்துக்கொள்வார். "எனக்கு எங்கூட்டுத் தொழுவையே சரியா வர்ல. இவனுக்குத் தொடங்கிவுடணுமாம்" என்று பஷீர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் முதல் நாலு வார்த்தையைச் சொல்லிவிடுவார்.

மாதா கோயில் சாமியார் இவரை உட்கார வைத்து முதல் பாதியையும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். முப்பது வருஷம் காதில் விழுந்த வார்த்தை எப்படி வராமல் போகும்? வராது என்று ஒரே சாதிப்பு. ஒருநாள் நான் விடாமல் துளைத்தேன்.

"அதையும் நானே சொல்லிட்டேன்னு வெச்சுக்க நைனா, அப்பால எனக்கு எவன் வோணும்? கூடைய தூக்கிவுட ஒராளு, சொமக்க ஒராளு. ஒண்டியா தூக்கினா முதுகு பூடும்" என்றார்.

கற்றுக்கொள்ளச் சோம்பல்படுகிறவன் சொல்கிற சாக்கு என்று அன்று நினைத்தேன். புரூப் திருத்துகிறவனுக்குப் பிழைதான் முதலில் கண்ணில் படும்.

போன ஐப்பசி மழையில் சந்துக்குள் வாந்திபேதி நுழைந்தது. சவரியம்மாளைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட ஒரே ஒரு ஆள் இருக்கலாம். உள்ளே போனவர் வெளியே வரக்கூடாது, பார்க்க யாரும் போகக்கூடாது. சிலுவைமுத்து உள்ளே போனார். இரண்டாம் நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரி வாசல்வரை கஞ்சி கொண்டுபோன பஷீர் நேரே எங்கள் குழாயடிக்கு வந்தார்.

"அண்ணிக்குக் கண்ணு தொறக்கல. அவன் மாடி சன்னலாண்ட மாலைய கையில வெச்சுக்கினு சும்மா குந்திகினுகிறான். 'வேண்டிக்கோடா'ன்னு கீயேர்ந்து கூவினேன். 'தொடங்க ஆளில்ல மாமு'ன்றான். நான் சொல்லிப் பாத்தேன். நாலு வார்த்தைக்கு மேல எனக்கு வர்ல."

ராஜாத்தி மீன்கூடையை அப்படியே இறக்கினாள். யாரும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பதினான்கு வீட்டிலிருந்தும் ஆள் கிளம்பியது. எனக்கு அங்கே என்ன வேலை? நானும் போனேன்.

ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே நின்றோம். காவல்காரர் விரட்ட வந்தார். "உள்ள வர்லய்யா. ரோட்டுல நிக்கிறதுக்கு உனுக்கு இன்னா?" என்றாள் ராஜாத்தி. மீன் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல் அது. அந்தக் குரலால் முதல் பாதியை எடுத்து மதிலுக்கு மேலே போட்டாள். பதில் இல்லை. மறுபடியும் சொன்னாள். மாடி சன்னலிலிருந்து, கரகரவென்று, இரண்டாம் பாதி வந்தது.

அந்த இரண்டாம் பாதியில் 'எங்கள் மரண நேரத்திலும்' என்று ஒரு இடம் வரும். சாகக் கிடக்கிற மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாலை முடிவதற்குள் அதை ஐம்பத்துமூன்று தரம் சொல்ல வேண்டும். ஒரு தரம்கூட அவர் அதை விழுங்கவில்லை. இங்கிருந்து தூக்கிவிட்டார்கள், அவர் சுமந்தார்.

மறுநாளும் போனோம். மழை விடவில்லை. பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டதாக பஷீர் சொன்னார். ராஜாத்தி தொடங்கினாள். சன்னலில் சத்தமே இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் அவள் குரலே உடைந்துவிட்டது. பக்கத்திலிருந்த கிழவர் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. நூல் மாதிரி மெலிந்த குரல். அவருடையது அல்ல, சொன்னதும் இரண்டாம் பாதி அல்ல. முதல் பாதி.

"அண்ணி" என்றார் பஷீர்.

அவள் நிறுத்திய இடத்திலிருந்து மதிலோரம் நின்ற அத்தனை பேரும் முடித்தார்கள். ஒரு நாளும் கற்றுக்கொள்ளாத நானும், கடைசி வார்த்தைவரை பிழையில்லாமல் சொன்னேன். அந்த வேகத்திலேயே ராஜாத்தி அடுத்ததைத் தொடங்க வாயெடுத்தாள்.

சன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது. கரி ஏறிய கை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, மெதுவாக, மெதுவாக என்று அழுத்திக் காட்டியது. அடுத்ததைத் தொடங்க சவரியம்மாளுக்கு மூச்சு வர வேண்டும். ராஜாத்தி வாயை மூடிக்கொண்டாள். விடாத தூறலில், அந்தக் கையைப் பார்த்தபடி, நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம்.