தறிக்குழியில் சிவப்பு

சேவூர் உண்ணாமலைக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகளைப் போளூரில் கொடுத்திருக்கிறாள். வீட்டில் அவளும் ஒரு குழித்தறியும்தான். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து நெய்கிற தறி. புடவைக்கு மேலே இரண்டு டியூப் லைட் எரியும். ஒரு இழை அறுந்தாலும் தெரிந்துவிடும். குழிக்குள் வெளிச்சம் கிடையாது. காலுக்கு எதற்கு விளக்கு?

ஊர்ச் சுகாதாரப் பணியாளரான நான் மாதம் ஒருமுறை போய் அவளுக்குச் சர்க்கரை பார்ப்பேன். அவள் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டாள், கையை மட்டும் நீட்டுவாள். விரலில் குத்தி, அளவை எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

கார்த்திகையில் அரக்குச் சிவப்பில் ஒரு புடவை ஏற்றியிருந்தாள். சில நாளில் வீட்டுத் தரையில் சிவப்புத் தடம் தெரிந்தது. நூலை ஈரமாக்கி நெய்வதால் சாயம் கரைந்து குழிக்குள் சொட்டுகிறது, அதை மிதித்துவிட்டு நடக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டாள். சாயம் போகும் புடவையை யார் வாங்குவார்கள்? பட்டுக்குச் சாயம் போட்ட வீரபாகுவைப் போனில் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தாள்.

அவன் கோபமாக வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

“ஒன் சாயம் பொடவைக்குப் புடிக்கல, என் காலுக்குத்தான் நல்லா புடிச்சிருக்கு” என்றாள்.

மிச்சமிருந்த நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினான். துணி வெள்ளையாகவே இருந்தது. அவள் நம்பவில்லை, குழியைப் பார்க்கச் சொன்னாள். எமர்ஜென்சி லைட்டை உள்ளே இறக்கி, குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான்.

“யக்கா, இது சாயம் இல்ல. ஒங்க கால்லேர்ந்து வந்துகினு இருக்குது.”

மிதிகட்டையில் ஓர் ஆணி தலை தூக்கியிருந்தது. வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். சர்க்கரையில் காலுக்கு உணர்ச்சி போயிருந்ததால் வலி தெரியவில்லை. குனிந்து பார்க்க முதுகும் விடாது. பத்து நாள் புண்ணாவது இருக்கும். சர்க்கரை உள்ளவர்களின் காலைப் பார்க்காமல் வீட்டை விட்டு வரக் கூடாது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காலையே எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள். சுண்டுவிரலை எடுத்ததோடு நின்றது. அனுப்பும்போது டாக்டர், தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். உண்ணாமலை என் பக்கம் திரும்பினாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

தினமும் ஏழு மணிக்குப் போகிறேன். வாசலில் வெயில் விழும் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். போன வாரம் இன்னொரு வீட்டில் வேலை இழுத்துவிட்டது. போகும்போது மணி பத்து. அப்படியே உட்கார்ந்திருந்தாள். காபிகூடக் குடித்திருக்கவில்லை. விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை, எழுந்திருங்க என்றேன்.

“இன்னொரு வாட்டி நல்லா பாரும்மா.”

வெயில் பளிச்சென்று இருந்தது. பார்க்க எதுவும் இல்லை. திரும்பவும் பார்த்தேன்.