குறை சொல்லி வாங்குகிறவன்

கையில் கொடுத்த கித்தாரை எர்மெக் உடனே வாசித்துப் பார்ப்பதில்லை. முதலில் அதைச் சுற்றி ஒரு நடை நடக்கிறான். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தை நோட்டம் விடுகிறான், முதுகில் தட்டுகிறான், "ச்சு" கொட்டுகிறான். "கால் இல்லாததால தப்பிச்சுது. இருந்தா நொண்டும்" என்று என் பக்கம் திரும்பிச் சொல்கிறான். விற்க வந்தவரின் முகம் சுருங்குகிறது.

பிஷ்கெக்கில் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்து பிழைக்கிற நாற்பது வயது ஆள். முடி மட்டும் இடுப்புவரை. காது கிழிய வாசிக்கிற எங்கள் மெட்டல் இசைக்குழுவின் கித்தார்க்காரன். டிரம்ஸ் அடிப்பது நான். அவனுடைய அப்பா டோக்மோக் சந்தையில் குதிரைத் தரகர். பிடித்த குதிரையைப் புகழ்ந்தவன் அங்கே ஏமாளி. திட்டத் திட்டத்தான் விலை இறங்கும். விற்கிறவனும் சளைக்காமல் பதில் பேசுவான், கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே கை குலுக்குவார்கள். மகன் அதே வித்தையைக் கித்தாரில் காட்டுகிறான். நகரத்து ஆட்களுக்கு இந்த ஆட்டம் எங்கே தெரிகிறது? கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சரக்கு தெரியாதவன் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கையில் இருக்கிற பணம் பதினைந்தாயிரம் சோம். அதற்குள் மெட்டலுக்கு ஏற்றது எது என்று கேட்டால் போதும், அவன் பேசி முடிப்பதற்குள் தட்டில் லக்மான் நூடுல்ஸ் ஆறிப்போகும். தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்கிக்கு அனுப்புகிற பிக்கப் இரட்டைச் சுருளாக இருக்க வேண்டும். ஒற்றைச் சுருள் என்றால் சத்தத்தைக் கூட்டியதும் கொசு மாதிரி இரையும். தந்தியைத் தாங்கும் பாலம் அசையக் கூடாது; மலிவு கித்தாரில் ஆடுகிற பாலம் இருந்தால் பாட்டு முடிவதற்குள் சுருதி எங்கோ போயிருக்கும். தந்தியைத் தளர்த்திக் கட்டினாலும் தொளதொளக்காத நீளக் கழுத்து வேண்டும். "கித்தார் மேல இருக்கிற மண்டையோட்டுப் படம் பாட்டு வாசிக்காதுடா" என்பான்.

இவ்வளவு தெரிந்து என்ன பிரயோசனம்? மூன்று மாதத்தில் பதினோரு கித்தார் பார்த்தாயிற்று, ஒன்றும் அமையவில்லை. அவனுடைய பழைய கித்தார் உடைந்தபோது இரவல் கொடுத்த நண்பரும் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை கச்சேரி. அதற்குள் கித்தார் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று எங்கள் பாடகி சொல்லிவிட்டாள். பதினேழு வருஷமாகக் குழுவில் இருக்கிறவன் அன்று ராத்திரியே விற்பனை விளம்பரங்களை மறுபடி புரட்ட உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை ராயிசா என்ற அம்மாளின் கடைக்குப் போனோம். மருந்துக்கடை நடத்துகிறவர், ஐம்பது வயது இருக்கும். தோள்வலி வந்துவிட்டதால் தன் கித்தாரை விற்கிறார். கறுப்பு. அசையாத பாலம், இரட்டைச் சுருள், ஒரு கீறல் கிடையாது. பதினான்காயிரம்தான் கேட்டார். எர்மெக் சுற்றி நடப்பதைக்கூட மறந்து கித்தார்ப் பெட்டியின் மேல் குனிந்து நின்றான். வாங்கித் தொலைடா என்று காலை மிதித்தேன். பழக்க தோஷம் விடுமா? கழுத்து கோணல், பிக்கப்பில் உயிரே இல்லை, மரம் ஈரம் குடித்திருக்கிறது என்று மூச்சு விடாமல் அடுக்கினான்.

ராயிசா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கோபமே இல்லை. விலை இறங்கப்போகிறது என்று எர்மெக் எனக்குக் கண்ணைக் காட்டினான்.

"இவ்வளவு கெட்டுப்போச்சா? எனக்குத் தெரியாம போச்சே" என்றார் அவர். "தேதி முடிஞ்ச மாத்திரை ஒண்ணுகூட நான் இந்தக் கடையில வித்ததில்ல தம்பி. இதைக் கொண்டுபோய் உங்க தலையில கட்டுவேனா?"

பெட்டியை மூடிவிட்டார். திட்டியதை விற்கிறவர் நம்பிவிட்டால் என்ன செய்வது என்று சந்தையில் யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

"இல்லக்கா... அவ்வளவு மோசமில்ல. சுமாராத்தான் இருக்கு."

இதைவிடப் பெரிய புகழ்ச்சி அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"என் மேல பரிதாபப்பட்டுச் சொல்றீங்க" என்று ராயிசா பெட்டியை உள்ளே கொண்டுபோகத் தூக்கினார்.

இருமல் மருந்து வாங்க நின்றவர்களுக்கு நடுவே எர்மெக் தரையில் மண்டியிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.