செருப்புக் காலோடு ஏறும் படகு

தார் ரோடு காலைச் சுட்டது. அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி நூறு அடி நடந்த பிறகுதான் செருப்பை உள்ளேயே விட்டுவிட்டது உறைத்தது. திரும்பிப் போனால் அந்த மேற்பார்வையாளரின் முகத்தை மறுபடி பார்க்க வேண்டும். போகவில்லை. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

நான் பிழைக்கப் போயிருந்த வெளிநாட்டுத் துறைமுக நகரம் அது. கப்பல் பட்டறையில் பெயின்ட் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தக்காரன் கையை விரித்துவிட்டான். விசாவில் ஒன்பது நாள் பாக்கி. அதற்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். ஊரிலோ எண்ணூர் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து இறால் போய்விட்டது. அப்பாவின் மீன்பிடி போட்டையும் விற்றாகிவிட்டது. மிச்சமிருப்பது சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கம்பி தூக்குவது. ஏற்கெனவே இரண்டு வருடம் தூக்கி இடுப்பு பாதி போய்விட்டது. எட்டாவதோடு நின்றவன் வேறு எங்கே போய் நிற்பது?

என் அறையில் தங்கியிருந்த நண்பன், சென்னைப் புளியந்தோப்புக்காரன், அந்த அருங்காட்சியகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தான். நகரத்தின் பழைய கதையைச் சொல்லும் இடம். எல்லாவற்றையும் தொடலாம். சுவரைத் தொட்டால் பழைய தெரு எழுந்து வரும். ரிசீவரைக் காதில் வைத்தால் செத்துப்போன வியாபாரி பேசுவான். நடு ஹாலில் ஸ்பிரிங் மேல் ஒரு நிஜ மீன்பிடிப் படகு. எதிரே திரையில் கடல். ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் திரையில் வலை வரும், மீனுக்குத் தக்க மார்க்கு விழும். ஜனங்களை ஏற்றி இறக்க ஓர் ஆள் தேவை. நான் மீனவன் என்று நண்பன் சொல்லி வைத்திருந்தான். ஒரு மணி நேரம் ஒழுங்காக நின்று காட்டினால் வேலை எனக்கு.

படகைத் தடவிப் பார்த்தேன். இடது விளிம்பில் கயிறு அறுத்த தடம். அந்தப் பக்கமாகத்தான் வருடக்கணக்கில் வலை இழுத்திருக்கிறார்கள். இவர்கள் விளையாட்டுக் கயிற்றை வலது பக்கம் கட்டியிருந்தார்கள்.

எங்கள் கரையில் யாரும் செருப்போடு போட்டில் ஏற மாட்டார்கள். முன்பக்கத்தை அணியம் என்போம். மஞ்சள் குங்குமம் வைக்கும் இடம். எஞ்சின் பார்க்க வரும் மெக்கானிக் கூட கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். நானும் யோசிக்காமல் கழற்றினேன். வந்தவர்களையும் கழற்றச் சொல்லி சைகை காட்டினேன். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்து இரண்டு குடும்பங்கள் சிரித்தபடி கழற்றின. அப்புறம் ஒருவன், தடித்த பூட்ஸ்காரன், போட்டோவுக்காக அணியத்தின் மேல் காலை வைத்தான். சைகை காட்டினேன். இன்னொரு காலையும் தூக்கி வைத்தான். கணுக்காலைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அவர் ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இந்தப் படகுக்காரர்கள் இப்போது யாரும் இல்லை, அதனால் யாருக்கும் வருத்தமில்லை.

யாரும் இல்லையாம். இல்லாமல் எங்கே போனார்கள்? காலையில் நான் அத்தனை சுவரையும் தொட்டுப் பார்த்திருந்தேன். எந்தச் சுவரும் அதைச் சொல்லவில்லை. ஆளைக் காணோம், படகு மட்டும் ஸ்பிரிங்கில் ஆடுகிறது. நாளைக்கு எங்கள் குப்பத்துப் போட்டுக்கும் ஒரு ஸ்பிரிங் வைப்பார்கள், மார்க்கு போடுவார்கள். காசிமேடு மீன் துறைமுகத்தில் கேட்கும் ஒரு கெட்ட வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மாப்போடு நின்ற நண்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

பஸ் நிறுத்தத்தில் அவன் என்னைப் பிடித்தான். கையில் என் செருப்பு.

"இன்னா மாமு, அறிவு கீதா ஒனக்கு? வந்தவன் கால புடிச்சி இஸ்துகினு கீற! நீ இன்னா கோயில் பூசாரியா?"

"அணியத்துல கால வெச்சான்டா."

"அது ஷோ போட்டு நைனா. தண்ணியப் பாத்து எத்தினி வருசம் ஆச்சோ."

"போட்டு போட்டுதான்."

"சரி, நீ போட்டாண்ட பேசிகினு இரு. ஒம்போது நாள் கயிச்சி ஊருக்குப் போய் கம்பி தூக்கு." செருப்பைக் கீழே போட்டான். "உள்ள வா. சாரின்னு ஒரே ஒரு வார்த்த. மீதிய நான் பேசிக்கிறேன்."

"எதுக்கு சாரி? ஏறி மிதிச்சவன் கேக்கட்டும்."

"பேஜாருடா ஒன்னோட! ஒன்ன மீனவன்னு சொன்னேன் பாரு, என் வாய ஒதைக்கணும்."

 பிறகு போனை எடுத்து ஒரு நம்பரைச் சொன்னான். "ஹார்பராண்ட ஆள் எடுக்கிறாங்கோ. இன்னா வேலன்னு கேக்காத. போய் நில்லு."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். அங்கே ஆள் எடுத்த ஒப்பந்தக்காரன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான், தலையாட்டினான். ஹெல்மெட்டும் விசிலும் கொடுத்துக் கரை விளிம்பில் நிறுத்தினான். கடலைத் தூர்த்துத் துறைமுகத்தை அகலப்படுத்துகிறார்கள். மண் லாரிகள் பின்பக்கமாக வரும். சக்கரம் விளிம்பைத் தாண்டாமல் பார்த்து, நிறுத்தி, கொட்டச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. முதல் லாரி வந்தது. கையை அசைத்து வா வா என்றேன். விசில் ஊதினேன். ஒரு லாரி மண் கடலுக்குள் போனது. பின்னாலேயே அடுத்தது வந்து நின்றது.